யாழ்ப்பாணத்து நாவல் சறுக்கும் இடங்கள்

யாழ்ப்பாணத்தைக் களமாக வைத்து நாவல் எழுதப் புறப்படுகிறவர்களுக்கு ஊரின் பெருமைதான் முதல் இடைஞ்சல். ஆறுமுக நாவலர், 1841இல் வெளிவரத் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகை, ஏடு தேடிப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை என்று எல்லாரையும் முதல் இருபது பக்கத்துக்குள் கொண்டுவந்துவிடுவார்கள். கட்டாயம் ஒரு தமிழ் வாத்தியார் வருவார். வாய் திறந்தால் வரலாற்றுப் பாடம்தான். அந்த வாத்தியார் பின்னேரத்தில் புகையிலைக்குத் தண்ணீர் மாறவும் போயிருப்பார், வேலி அடைக்கும்போது கதியாலை ஒரு சாண் தள்ளி நட்ட அயலவனோடு கோடேறி வழக்காடியும் இருப்பார். கதை அங்கேதான் கிடக்கிறது.

காலக்கணக்குப் பிசகினால் ஊர்க்காரர் புத்தகத்தை மூடிவிடுவார்கள். 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டிலிருந்து இரவல் கொடுக்கத் தொடங்கியதுதான் பின்னாளில் யாழ்ப்பாணப் பொதுநூலகமானது. குவிமாடக் கட்டடம் திறக்கப்பட்டது 1959இல். 1950இல் காதலர்களை அதன் படிக்கட்டில் சந்திக்க விடாதீர்கள். 1990க்குப் பிறகு, 2014 வரை யாழ்தேவி றெயில் யாழ்ப்பாணத்துக்கு வரவில்லை. தொண்ணூறுகளின் முற்பாதியில் மின்சாரமும் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத்திரி வைத்த விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள்; சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டார்கள்.

1981இல் நூலகம் எரிந்ததை எழுதாவிட்டால் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். கதைக்குத் தேவையில்லையென்றால் விட்டுவிடலாம். தேவையென்றால், எரிந்த நூல்களின் எண்ணிக்கையை ஒப்புவிப்பதைவிட, இரவல் எடுத்த ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க இடமில்லாமல் நிற்கும் பெடியனை எழுதுங்கள்.

சாதியை மறைப்பதை மட்டும் என்னால் பொறுக்க முடியாது. சில நாவல்களில் ஊர் முழுக்க ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறது! 1968இல் மாவிட்டபுரத்தில் கோயிலுக்குள் போகவே போராட வேண்டியிருந்த மண் இது. இலக்கியப் பெருமை என்று நாம் சொல்வதிலும் இந்தக் கதை உண்டு: 1966இல் மல்லிகை இதழைத் தொடங்கிய டொமினிக் ஜீவா முடிதிருத்தும் நிலையம் நடத்தியவர்.

உரையாடலிலும் சாதி தெரியவேண்டும். பலர் "ஓம்", "எண்டு", "மோனை" என்று தூவிவிட்டால் யாழ்ப்பாணத் தமிழாகிவிடும் என்று நம்புகிறார்கள். வாத்தியார் தன் மாணவனை "நீர் ஏன் நேற்று வரேல்லை?" என்று கேட்பார். அதே வாத்தியார், வயதில் தன்னைவிட மூத்த கள்ளுச் சீவுகிறவரைக் கூசாமல் "நீ" என்பார். இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் எழுதினால் விளக்கவுரை வேண்டியதில்லை.

அடிக்குறிப்புகளையும் குறையுங்கள். ஆள் ஒழுங்கையால் வந்து படலையைத் திறந்தால் சென்னை வாசகருக்கும் விளங்கும்.

பதிப்பகத்துக்கு அனுப்ப முன்னர், கதை நடக்கும் காலத்தில் அந்த ஒழுங்கையில் குடியிருந்த ஒருவரிடம் பிரதியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒழுங்கையின் மற்றத் தொங்கலில் இருந்தவரிடமும் ஒரு பிரதி போகட்டும்.