இரண்டு சொல் ஊர்ப்பெயரில் தடுக்கிவிழும் ஷெல் ஸ்கிரிப்ட்: சதுர அடைப்புக்குறிக் கட்டளையைத் திருத்தும் முறை

கொட்டகலையில் மாலை வகுப்புக்கு வரும் உயர்தர மாணவர்களுக்கு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வாசித்து இயக்கும் ஷெல் என்ற மென்பொருளுக்காக எழுதும் கட்டளைத் தொகுப்பு) பழக்கும்போது, நமது மலைநாட்டுப் புகையிரதப் பாதையின் நிலையப் பெயர்களையே உதாரணமாகக் கொடுப்பது என் வழக்கம். பெயரைக் கொடுத்தால் அந்த நிலையத்தின் விபரத்தைக் காட்டும் ஸ்கிரிப்ட் ஒன்றை ஒரு மாணவி எழுதினார். ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா ஆகிய பெயர்களுக்கு ஒழுங்காக இயங்கிய அது, கிரேட் வெஸ்டர்ன் என்ற பெயருக்கு மட்டும் ஆர்கியூமென்ட்கள் (கட்டளைக்குக் கொடுக்கும் மதிப்புகள்) அளவுக்கு மிஞ்சிவிட்டன என்று முறையிட்டது. முனையத்தில் அவர் பெயரை மேற்கோள் குறிக்குள்தான் கொடுத்திருந்தார். பிழை ஸ்கிரிப்டின் உள்ளே, கொடுத்த பெயரைத் தாங்கும் $1 என்ற மாறியைக் கொண்ட இந்த வரியில் இருந்தது:

[ $1 = "கிரேட் வெஸ்டர்ன்" ]

மேற்கோள் குறி இட்டால் சரியாகிவிடும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் ஏன் சரியாகிறது என்பதை அறியாமல் இடுபவர், அடுத்த வரியிலேயே வேறு உருவில் அதே பிழையைச் செய்வார் என்பதால், காரணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, [ என்பது வெறும் நிறுத்தக்குறி அன்று, அது ஒரு கட்டளை என்பதாகும். அதன் மற்றொரு பெயர் டெஸ்ட், முடிவில் வரும் ] அதற்குக் கட்டாயமாகக் கொடுக்கவேண்டிய கடைசி ஆர்கியூமென்ட். கட்டளை இயங்குவதற்கு முன்பே ஷெல் $1 இன் இடத்தில் அதன் மதிப்பை வைத்து, மேற்கோள் குறி இல்லாவிட்டால் அம்மதிப்பை இடைவெளி, தத்தல் (டேப்), புதுவரி ஆகிய இடங்களில் வெட்டிவிடுகிறது. எனவே மாணவியின் வரியில் கட்டளையின் கைக்குச் சென்றவை ‘கிரேட்’, ‘வெஸ்டர்ன்’, சமக்குறி, ‘கிரேட் வெஸ்டர்ன்’ என்ற நான்கு துண்டுகள். அவற்றில் எது மாறியிலிருந்து வந்தது, எது நாம் எழுதியது என்று அறிய அதற்கு எந்த வழியும் இல்லை.

அப்படியானால் எது மதிப்பு, எது ஒப்பீட்டுக் குறி என்பதை அது எவ்வாறு தீர்மானிக்கிறது? எண்ணிப் பார்த்துத்தான். யுனிக்ஸ் வகை முறைமைகளுக்கான போசிக்ஸ் தரம் இதைத் தெளிவாக வகுத்துள்ளது: ] ஐத் தவிர்த்து ஒன்றுமே இல்லாவிட்டால் விடை பொய், ஒன்று மட்டும் இருந்தால், அது வெறுமையாக இல்லாதவரை மெய், மூன்று இருந்து நடுவிலுள்ளது ஒப்பீட்டுக் குறியாயின் இருபுறமும் ஒப்பிடப்படும், நான்கு இருந்தால் முதலாவது துண்டு ! ஆக இருக்கும்போது எஞ்சிய மூன்றின் விடை தலைகீழாக்கப்படும். நான்கிற்கு மேற்பட்டால் என்ன நடக்கவேண்டும் என்பதைத் தரம் வரையறுக்கவே இல்லை. ஆகவே நம் வேலை, எந்த மதிப்பு வந்தாலும் துண்டுகளின் எண்ணிக்கை மாறாமல் பார்த்துக்கொள்வதே.

படி 1: துண்டுகளைக் கண்ணால் பாருங்கள். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ‘செட்’ கட்டளையை, கழித்தல் குறியோடு ‘எக்ஸ்’ என்ற சிறிய எழுத்தைச் சேர்த்து, ஆங்கில எழுத்துகளில் இடுங்கள். ஒவ்வொரு கட்டளையும் இயங்கும் முன், வெட்டப்பட்ட பின்னுள்ள அதன் உருவம் + குறியுடன் திரையில் தோன்றும். ஊகிப்பதைவிட இது எவ்வளவோ மேலானது.

படி 2: மாறியை இரட்டை மேற்கோள் குறிக்குள் வையுங்கள்.

[ "$1" = "கிரேட் வெஸ்டர்ன்" ]

இப்போது பெயரில் எத்தனை இடைவெளி இருந்தாலும் அது ஒரே துண்டு. பெயரே கொடுக்கப்படாவிட்டாலும் வெறுமையான ஒரு துண்டு அதன் இடத்தில் நிற்பதால் எண்ணிக்கை மூன்றாகவே இருக்கும்; மேற்கோள் இல்லையெனில் இரண்டாகக் குறைந்து, வேறொரு பிழைச் செய்தி வரும்.

படி 3: இடைவெளிகளைச் சரிபாருங்கள். பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் தவறான விடை தருவதால் இதற்கே நான் வகுப்பில் அதிக நேரம் செலவிடுகிறேன்.

[ "$1"="ஹட்டன்" ]

சமக்குறியின் இருபுறமும் இடைவெளி இல்லாததால் முழுவதும் ஒரே துண்டாகி, அது வெறுமையாக இல்லாத காரணத்தால், நீங்கள் பதுளை என்று கொடுத்தாலும் விடை மெய்யாகவே வரும். வெறுமையல்லவா என்று சோதிக்கும், கழித்தல் குறியுடன் கூடிய ‘என்’ என்ற ஆங்கில எழுத்துத் தெரிவிலும் இதே ஆபத்து உண்டு: மேற்கோள் குறியின்றி எழுதப்பட்ட மாறி வெறுமையாக இருந்தால் அது மறைந்துபோய், தெரிவு மட்டும் தனித் துண்டாக எஞ்சி, மெய் என்று பதில் வரும்.

படி 4: இரண்டு நிபந்தனைகளை ஒரே அடைப்புக்குள் திணிக்காதீர்கள். கழித்தல் குறியுடன் ‘ஏ’ அல்லது ‘ஓ’ எழுத்தைக் கொண்டு நிபந்தனைகளை இணைக்கும் பழைய வழக்கம், எண்ணிக்கையை நான்கிற்கு மேல் கொண்டுசெல்கிறது. 2024 இல் வெளியான போசிக்ஸ் பதிப்பு அவ்விரண்டையும் நீக்கியே விட்டது. தனித்தனிக் கட்டளைகளாக எழுதுங்கள்:

[ "$1" = "ஹட்டன்" ] && [ "$2" = "நானுஓயா" ]

பாஷ் ஷெல்லில் மட்டும் இயங்கப்போகும் ஸ்கிரிப்ட் என்றால், இரட்டைச் சதுர அடைப்பைப் பயன்படுத்தலாம். அதை ஷெல்லே நேரடியாக வாசிப்பதால் மாறிகள் வெட்டப்படுவதில்லை. ஆயினும் டெபியன், உபுந்து ஆகிய லினக்ஸ் வகைகளில் பொது ஷெல்லாக அமைந்துள்ள டாஷ் அதை அறியாது. தொடங்குநர் முதலில் ஒற்றை அடைப்பைச் செம்மையாக எழுதப் பழகுவதே நல்லது என்பது என் கருத்து.

பழைய ஸ்கிரிப்ட்களில் இருபுறமும் ‘எக்ஸ்’ எழுத்தை ஒட்டி ஒப்பிட்டிருப்பதைக் காண்பீர்கள். மதிப்பு ! அல்லது ( ஆக வந்தபோது அக்கால ஷெல்கள் அதைக் குறியென மயங்கியதற்கான மருந்து அது. மூன்று துண்டு விதியைப் பின்பற்றும் இன்றைய ஷெல்களில் அது தேவையில்லை.

படி 5: திருத்தியதைச் சோதியுங்கள். ஹட்டன், கிரேட் வெஸ்டர்ன், வெறுமை, ஓர் ஆச்சரியக்குறி ஆகிய நான்கையும் மேற்கோளுக்குள் கொடுத்து, ஒவ்வொரு முறையும் ஒப்பீட்டு வரிக்கு அடுத்த வரியிலேயே "$?" இன் மதிப்பை அச்சிடுங்கள். 0 மெய், 1 பொய். அதைவிடப் பெரிய எண் வந்தால் கட்டளை துண்டுகளை விளங்கிக்கொள்ளவில்லை என்று பொருள். ஆனால் ‘இஃப்’ அதையும் பொய்யென்றே எடுத்துக்கொண்டு ஸ்கிரிப்டைத் தொடர்ந்து ஓடவிடும். பாஷில் 2 என்று கண்டால் படி 1 க்குத் திரும்பி, + குறியிட்ட வரியில் துண்டுகளை மறுபடி எண்ணுங்கள்.