பீடி சுற்றிய கையோடு தக்காளிச் செடியைத் தொட வேண்டாம்

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் பின்கட்டில் நாலு தக்காளி, மிளகாய்ச் செடி வைத்திருப்பவர்களுக்கு இது. புகையிலைத் தூள் ஒட்டிய கையோடு பக்கக் கிளையைக் கிள்ளினால், அந்தக் காயம் வழியாகப் புகையிலைத் தேமல் வைரஸ் செடிக்குள் போய்விடலாம். காய்ந்த புகையிலையிலும் ஆண்டுக்கணக்கில் சாகாமல் கிடக்கிற கெட்டி வைரஸ் அது. பீடி குடிப்பவர்களுக்கும் இதே கதைதான்.

சந்தேகம் வந்தால் இளம் இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்திருக்கும். கரும்பச்சைத் திட்டு லேசாகப் புடைத்தும் இருக்கும். சில செடிகளில் இலை ஒடுங்கி நார் போல நீண்டுவிடும்.

வந்தபின் மருந்து கிடையாது. பூச்சிமருந்து வாங்குவது வீண்செலவு. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு நோய் வேறு, இது வேறு. இதைப் பரப்புவது பெரும்பாலும் நம் கையும் கத்தியும்தான். நோய்ச் செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், எருக்குழியில் போடாதீர்கள். அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் அடுத்த செடிக்குப் போக வேண்டாம்.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பீர்கள்: பால். கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 200 கிராமை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து, கிள்ளும்போதும் கொடி கட்டும்போதும் கையையும் கத்தியையும் அதில் நனைத்துக்கொண்டால் தொற்று நன்றாகக் குறையும். நாலு செடிக்கு ஒரு டம்ளர் கரைசலே போதும்.

நோய்ச் செடியில் காய்த்த தக்காளியைத் தாராளமாகச் சமைக்கலாம், மனிதர்களை இந்த வைரஸ் தாக்காது.