நெஞ்செரிச்சல் இல்லாமலே தொண்டையைப் படுத்தும் அமிலம்

எப்போதும் தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கிறீர்களா? காலையில் குரல் கம்முகிறது, ஏதோ அடைத்த மாதிரி இருக்கிறது, ஆனால் நெஞ்செரிச்சல் இல்லை. சளி என்று நினைத்து மாதக்கணக்கில் சிரப் குடிப்பவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். வயிற்று அமிலமும், வயிற்றில் சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் பெப்சின் என்ற நொதியும் தொண்டைவரை ஏறி வருவதுகூடக் காரணமாக இருக்கலாம்.

முதலில் மாற்ற வேண்டியது ராத்திரிச் சாப்பாடு. ஓசூரில் ஷிப்ட் முடித்து நேரங்கழித்து வந்து, களியும் புளிக்குழம்பும் வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுத்தால் தொண்டை எப்படி ஆறும்? சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே 3 மணி நேரம் வேண்டும். முடியாதவர்கள் பெரிய சாப்பாட்டை ஷிப்டுக்கு நடுவிலேயே முடித்துவிட்டு, வீட்டில் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். களியை விட வேண்டாம், பாவம். மதியத்துக்கு மாற்றி, காரம் குறைத்த கீரைக் கடைசலோடு சாப்பிடுங்கள்.

தலையணையை அடுக்காதீர்கள், வயிறு மடங்கி அழுந்தும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்துங்கள். இடதுபக்கம் திரும்பிப் படுப்பதும் உதவும்.

அப்புறம், அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். தொண்டை தேற இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம்.

குரல் கம்மல் 3 வாரம் தாண்டினாலோ, விழுங்கச் சிரமம், எடை குறைவு, ரத்தம் என்று ஏதாவது தெரிந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். தர்மபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பீடி, புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் இன்னும் சீக்கிரமாக.