நீறு பூத்த கரியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்

சிலிண்டர் தீர்ந்து, தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போதுதான் பரணில் கிடக்கும் கும்மட்டி அடுப்பு கீழே இறங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது வடசென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீரும் வடியவில்லை, கரண்டும் வரவில்லை. அப்படியொரு நாளில் சாரலுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கரி மூட்டினால் என்ன ஆகும், எப்படித் தவிர்ப்பது என்பதைப் பார்ப்போம்.

பொதுவாக வாசலில் வைத்து மூட்டி, விசிறி, கரி நீறு பூத்ததும் "புகை அடங்கிடுச்சு" என்று உள்ளே தூக்கி வருவோம். தப்பு அங்கேதான். கங்கின் மேல் மெல்லிய நீலச் சுடர் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அது கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு எரிவது. சுடர் அடங்கி கங்கு மட்டும் சிவந்திருக்கும்போது அதே வாயு எரியாமல் அறைக்குள் இறங்குகிறது. நிறமில்லை, வாசமில்லை, கண்ணும் எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். உடம்புக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது.

ஒரு கணக்கு. ஒரு கிலோ கரி எரிந்தால் சுமார் 200 கிராம் மோனாக்சைடு வரும். பத்துக்குப் பத்து அறையில் அடங்கும் காற்று ஏறக்குறைய 25 கன மீட்டர். கதவு சாத்திய அந்த அறையில் 100 கிராம் கரி, அதாவது இரண்டு கைப்பிடி, எரிந்தாலே கன மீட்டருக்கு 800 மில்லிகிராம். ஒரு மணி நேரத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு 35 மில்லிகிராம். சீலிங் ஃபேன் அதே காற்றைச் சுற்றிவிடுமே தவிர வெளியே தள்ளாது. ஒரு ஜன்னலை மட்டும் திறப்பதும் போதாது. எதிரெதிரே இரண்டு வழி இருந்தால்தான் காற்று ஓடும்.

ஆகவே அடுப்பு வெளியேதான். தகரக் கூரை போட்ட மொட்டைமாடி நல்லது, இரண்டு பக்கமாவது திறந்திருக்க வேண்டும். ஹவுசிங் போர்டு மாடிப்படியில் வைக்காதீர்கள். படிக்கட்டு புகைபோக்கி மாதிரி இழுத்து மேல்மாடி வீடுகளுக்குள் விடும். மூட்டுவதற்கு முன் சல்லடைத் துளைகளைக் குத்தி பழைய சாம்பலைத் தட்டிவிடுங்கள். அடியிலிருந்து காற்று ஏறாவிட்டால் மோனாக்சைடு கூடும். ஈரக் கரி கூடாது. பற்றவைக்கக் கொட்டாங்குச்சியும் தேங்காய் நாரும் போதும். பால் கவர், பிளாஸ்டிக் எதையும் போடாதீர்கள்.

சமைத்து முடித்ததும் தண்ணீர் தெளித்து அணைப்பது நம் பழக்கம். கொதிக்கும் கங்கில் நீராவி பட்டால் அதிலிருந்தும் மோனாக்சைடு பிறக்கும், சாம்பலும் முகத்தில் அடிக்கும். இடுக்கியால் எடுத்து, மூடி இறுகும் இரும்புச் சட்டியில் போட்டு மூடுங்கள். அந்தச் சட்டியும் வெளியிலேயே இருக்கட்டும். மீந்த கரி மறுநாளுக்கு உதவும்.

இஸ்திரிப் பெட்டிக்கும் இதே விதிதான். வேலை முடிந்ததும் கங்கோடு கட்டிலடியில் தள்ளிவிட்டுப் படுப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை. பிள்ளைக்குக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போடுவதென்றால் அறைக்கு மட்டும் போட்டு, தூபக்காலை வெளியே வைத்து, காற்றோட்டம் விட்டபின் பிள்ளையைத் தூக்கி வாருங்கள்.

ரோட்டோரம் சிந்திக் கிடக்கும் நிலக்கரியைப் பொறுக்கி அடுப்பில் போடுவது அடுப்புக்கரியைவிட மோசம். அதில் கந்தகம் உண்டு. சில இடத்து நிலக்கரியில் ஆர்சனிக், ஃபுளோரைடும் அதிகம். சீனாவின் ஷுவான்வெய் பகுதியில் புகையும் நிலக்கரியை வீட்டுக்குள் எரித்ததால், சிகரெட்டே தொடாத பெண்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் மிகுதியாக வந்தது. புகைபோக்கி வைத்த வீடுகளில் அது குறைந்தது. பதப்படுத்தாத நிலக்கரியை வீட்டு எரிபொருளாகப் பயன்படுத்தவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் சொல்லிவிட்டது.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், காரணமில்லாத தூக்கம்: இதைப் பித்தம் என்று எலுமிச்சை சாறு கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். காய்ச்சல் இல்லாமல் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தால், வெளியே போனதும் தெளிந்தால், அடுப்பைச் சந்தேகியுங்கள். கர்ப்பிணிக்கு லேசான தலைவலி என்றாலும் வயிற்றுப் பிள்ளைக்குப் பாதிப்பு அதிகம்.

யாராவது மயங்கிக் கிடந்தால் கதவைத் திறந்து, மூச்சை அடக்கிக்கொண்டு முதலில் ஆளை வெளியே இழுங்கள். அடுப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூச்சு இல்லையென்றால் மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கி, 108ஐ அழையுங்கள். தெளிந்துவிட்டாலும் ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சாதாரணக் காற்றில் அந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறையவே 4, 5 மணி நேரமாகும். ஆக்சிஜன் மாஸ்க் போட்டால் ஒன்றரை மணி நேரத்துக்குள் குறையும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 என்று காட்டினாலும் நம்பாதீர்கள். மோனாக்சைடு பிடித்த ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறியதாகவே எண்ணும். டாக்டரிடம் வாய் திறந்ததும் சொல்ல வேண்டியது: "மூடின ரூமுக்குள்ள கரி எரிஞ்சுது."