ஆஸ்கி பேனர் போடும்போது எங்கெல்லாம் சறுக்குகிறது?

நிரல் கோப்பைத் திறந்ததும் திட்டத்தின் பெயர் ஆறு வரி உயரத்தில், கோடும் சாய்கோடுமாக நிமிர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். விசைப்பலகைக் குறிகளாலேயே வரைந்த அந்தப் பெரிய எழுத்துதான் ஆஸ்கி பேனர். பெரும்பாலும் அதை வரைந்து தருவது ஃபிக்லெட் என்ற சிறு கருவி. கிளென் சேப்பலும் இயன் சாயும் 1991இல் எழுதத் தொடங்கியது. ஃபிராங்க், இயன், கிளென் என்ற மூன்று பெயர்களின் முதலெழுத்துகளோடு லெட்டர்ஸ் என்ற சொல்லின் தொடக்கமும் சேர்ந்து அதன் பெயராயிற்று. அதற்கும் முன்னால், லைன் பிரிண்டர் காலத்து யூனிக்ஸிலேயே பேனர் என்றொரு கட்டளை இருந்தது.

எனக்கு இந்தப் பேனர்கள் பிடிக்கும். மூவாயிரம் வரி ஓடும் கோப்பில் எங்கே எந்தப் பகுதி தொடங்குகிறது என்று எடிட்டரின் ஓரத்தில் தெரியும் குறுவரைபடத்திலேயே கண்டுகொள்ளலாம். பிடிக்கும் என்பதால்தான் அவை உடைந்து கிடப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே. பேனர் வரையப் பயன்படும் குறிகள் எவை என்று பாருங்கள்: \ / | _ ` ' ( ) < >. இவை ஒவ்வொன்றுக்கும் நிரல் மொழியிலோ, நாம் தட்டும் கட்டளைகளை ஓட்டும் ஷெல்லிலோ, எளிய குறிகளால் ஆவணம் எழுதும் மார்க்டவுனிலோ ஏற்கெனவே ஒரு வேலை உண்டு. நம் கண்ணுக்கு அது படம். நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலருக்கோ அதுவும் படித்துப் பொருள் கொள்ள வேண்டிய வரிதான்.

வரிக் கடைசியில் நிற்கும் பேக்ஸ்லாஷ் (\)

இருப்பதிலேயே மோசமானது இதுதான். ஃபிக்லெட்டின் இயல்பான எழுத்துருவில் ஆங்கிலப் பெரிய எழுத்து ஏ, கே, ஆர், எக்ஸ் நான்குமே கடைசி வரியில் பேக்ஸ்லாஷில்தான் முடியும். சர்வர், பார்சர், டேட்டா என்று நாம் வைக்கும் பெயர்களில் எத்தனை ஆரிலும் ஏயிலும் முடிகின்றன என்று எண்ணிப் பாருங்கள். சி மொழியில் ஆர் எழுத்தை இரட்டைச் சாய்கோட்டுக் கமெண்டாக, அதாவது நிரலாக ஓடாத குறிப்பாக, போட்டால் இப்படி வரும்:

```
//  ____
// |  _ \
// | |_) |
// |  _ <
// |_| \_\
வரம்பு = 80;
```

பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் சி மொழியில் வரிக் கடைசியில் பேக்ஸ்லாஷ் இருந்தால் அடுத்த வரி அதோடு ஒட்டிக்கொள்ளும். இந்த ஒட்டு வேலை கமெண்டுகளை நீக்குவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஆக, வரம்பை 80 ஆக்கும் அந்த வரியும் கமெண்டாகிக் காணாமல் போகும். அது ஓர் அறிவிப்பு வரியாக இருந்தால் கம்பைலர் பிழை சொல்லிக் காட்டிக்கொடுத்துவிடும். வெறும் மதிப்பு மாற்றும் வரியாக இருந்தால் நிரல் சத்தமில்லாமல் தவறாக ஓடும். பேக்ஸ்லாஷுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டால் போதும் என்று சிலர் நினைப்பார்கள்; ஜிசிசி என்ற சி கம்பைலர் அப்போதும் ஒட்டவே செய்யும். ஜிசிசியில் பொதுவான பல எச்சரிக்கைகளைக் காட்டும் -Wall தேர்வைப் போட்டிருந்தால் பல வரிக் கமெண்ட் என்று ஓர் எச்சரிக்கை வரும். அதைக் கடந்து போகாதீர்கள். சாய்கோடும் நட்சத்திரமும் சேர்ந்த தொகுதிக் கமெண்டுக்குள் பேனரை வைப்பது நல்லது. அங்கே பார்க்க வேண்டியது ஒன்றுதான்: படத்துக்குள்ளேயே */ வந்துவிட்டால் கமெண்ட் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். நட்சத்திரத்தால் வரையும் எழுத்துருக்களை இங்கே தவிர்த்துவிடலாம்.

பைத்தானிலும் இதே குறிதான் தொல்லை. மூன்று மேற்கோள் குறிகளுக்குள் பேனரை ஒட்டினால், வரிக் கடைசிப் பேக்ஸ்லாஷ் அடுத்த வரியை இழுத்து மேலே சேர்த்துவிடும், படம் கலைந்துபோகும். பேக்ஸ்லாஷுக்குப் பின் அண்டர்ஸ்கோர் வந்தால் அது செல்லாத குறித்தொடர். 3.6 பதிப்பிலிருந்து இது கைவிடப்படும் வழக்கம் என்று குறிக்கப்பட்டது, 3.12இல் எல்லோர் கண்ணிலும் படும் எச்சரிக்கையாகவே ஆகிவிட்டது. மேற்கோளுக்கு முன்னால் ஆர் (r) எழுத்தைப் போட்டு, பேக்ஸ்லாஷை அப்படியே விடும் மூலச் சரமாக்குங்கள். மூடும் மேற்கோளைத் தனி வரியில் வையுங்கள், ஏனென்றால் மூலச் சரமும் ஒற்றைப் பேக்ஸ்லாஷில் முடியக் கூடாது.

ஷெல்லும் சர்வரும்

சின்ன ஏ எழுத்தை இயல்பான எழுத்துருவில் பாருங்கள்:

```
  __ _
 / _` |
| (_| |
 \__,_|
```

இரண்டாவது வரியில் ஒரு பேக்டிக் (`) இருக்கிறது. இதை இரட்டை மேற்கோளுக்குள் வைத்து, உரையைத் திரையில் காட்டும் எக்கோ கட்டளைக்குக் கொடுத்தால், ஷெல் அதைக் கட்டளையின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு பேக்டிக் மட்டும் இருந்தால் மூடும் குறியைத் தேடித் தேடிக் கோப்பின் முடிவில் பிழை சொல்லும். இரண்டு இருந்தால் நடுவில் இருப்பதைக் கட்டளையாக ஓட்டிப் பார்க்கும். பேனருக்கு எக்கோவையே தொட வேண்டாம் என்பேன். பாஷில் சரியாக வந்த எக்கோ டெபியனின் டேஷ் ஷெல்லில் பேக்ஸ்லாஷை வேறு விதமாகப் புரிந்துகொள்ளும். ஒரு முடிவுச் சொல் வரும்வரை உள்ள வரிகளை ஊட்டும் ஹியர்டாக் முறையில் கேட் கட்டளைக்குக் கொடுங்கள். அதன் முடிவுச் சொல்லை ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுங்கள். அந்த மேற்கோள் இருந்தால்தான் உள்ளே இருப்பதை ஷெல் தொடாமல் விடும்.

சர்வரில் நுழையும்போது பெயர் பளிச்சென்று தெரியட்டும் என்று பாஷ் ஷெல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் பேனரைப் போடுகிறவர்கள் நிறைய. நானும் போட்டிருக்கிறேன். அன்று இரவு, கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் வழியாக ஓட வேண்டிய பேக்கப் ஓடவில்லை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. தொலைவில் உள்ள கணினியோடு இணைக்கும் எஸ்எஸ்ஹெச் வழியே கோப்பு அனுப்பும் கருவிகள் மறுமுனையில் பேசுவது தங்கள் ஜோடி நிரல் என்று நம்பி முதல் பைட்டிலிருந்தே படிக்கின்றன. அங்கே பேனர் வந்து விழுந்தால் ஆர்சிங்க் உன் ஷெல் சுத்தமாக இருக்கிறதா என்று கேட்டு நின்றுவிடும். அதே வகைக் கருவியான எஸ்எஃப்டிபி, வந்த செய்தி மிக நீளம் என்று சொல்லும். மனிதர் உட்கார்ந்து தட்டச்சிடும் ஷெல்தானா என்று சோதித்த பிறகே பேனரைக் காட்ட வேண்டும். இல்லையென்றால், நுழைந்ததும் காட்டப்படும் எம்ஓடிடி கோப்பில் வைத்துவிடுங்கள். நுழைவதற்கு முன் காட்டப்படும் இஷ்யூ கோப்பில் வைப்பதானால், அங்கே பேக்ஸ்லாஷ் மறுபடியும் சிறப்புக் குறி. ஒவ்வொன்றையும் இரண்டாக எழுத வேண்டும்.

நீங்கள் எழுதும் கருவிக்கும் இதே கணக்குதான். அதன் வெளியீட்டை இன்னொரு நிரலுக்குக் குழாய் வழியே அனுப்புவார்கள். நிரல்கள் தரவைப் பரிமாறும் ஜேசன் வடிவ உரைக்கு முன்னால் ஆறு வரிப் படம் வந்தால் படிக்கிற நிரல் அங்கேயே விழும். பேனரைப் பிழை வெளியீட்டுத் தடத்தில் (stderr) அனுப்புங்கள், டெர்மினல் இல்லாத இடத்தில் அனுப்பாமலே விடுங்கள். நிறுத்திவைக்க ஒரு வழியும் கொடுங்கள். ஜாவா நிரல்களுக்கான ஸ்பிரிங் பூட்டில் பேனரை மாற்ற ஒரு உரைக்கோப்பு இருப்பது போலவே, அதை முழுதாக நிறுத்த ஓர் அமைப்பும் இருக்கிறது.

ஆவணங்களில்

மார்க்டவுனில் மூன்று பேக்டிக்குகளால் வேலி போட்ட நிரல் தொகுதிக்குள் வைக்காமல் பேனரை அப்படியே ஒட்டினால், இடைவெளிகள் சுருங்கும், அண்டர்ஸ்கோர் சாய்வெழுத்தாகும், பேக்ஸ்லாஷ் மறையும். எக்ஸ்எம்எல் கமெண்டுக்குள் அடுத்தடுத்து இரண்டு ஹைஃபன் வரவே கூடாது. அமைப்புக் கோப்புகளுக்கான யாம்லில் பல வரித் தொகுதியின் முதல் வரியை வைத்துத்தான் உள்தள்ளல் கணக்கிடப்படுகிறது. பேனரின் முதல் வரியோ பெரும்பாலும் இடைவெளிகளில்தான் தொடங்கும். அடுத்த வரி இடப்பக்கம் வந்தால் கோப்பே செல்லாது. செங்குத்துக் கோட்டுக்குப் பக்கத்தில் உள்தள்ளலை எண்ணாக எழுதிவிட்டால் தீர்ந்தது. வேர்ட் ஆவணமானால் கூரியர் நியூ போன்ற சம அகல எழுத்துரு வேண்டும். தட்டும்போதே மேற்கோளைத் தானாக வளைத்துவிடும் வசதியையும் அணைத்துவிட வேண்டும்.

அகலத்தைப் பற்றி ஒன்று. ஃபிக்லெட் இயல்பாக 80 எழுத்து அகலத்துக்கு வரைகிறது. பைத்தானின் பெப் 8 நடை வழிகாட்டி ஒரு வரிக்கு 79, கமெண்டுக்கு 72 என்கிறது. கமெண்ட் குறியும் உள்தள்ளலும் சேர்ந்தால் 80 நிச்சயம் தாண்டும். கருவிக்கு அகலத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீண்ட கமெண்டை மடக்கும் கிளாங்-ஃபார்மேட் போன்றவற்றைப் பேனர் இருக்கும் பகுதியில் மட்டும் நிறுத்திவையுங்கள். டேப் எழுத்து உள்ளே இருக்கக் கூடாது. ஒருவர் எடிட்டரில் அது 4, இன்னொருவருக்கு 8.

கட்டம் கட்டமாக, நிழல் விழுந்தது போலத் தெரியும் ஏஎன்எஸ்ஐ ஷேடோ எழுத்துரு இப்போது எங்கும் தெரிகிறது. அது ஆஸ்கி அல்ல. ஆஸ்கியில் அச்சிடத்தக்கவை 95 எழுத்துகள்தான். █ அவற்றில் இல்லை. விண்டோஸில் பைத்தான் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும்போது, பழைய குறிமுறை அமைப்பில் இது பிழையாகி நிரலே நின்றுபோகலாம்.

தமிழில் பேனர் வேண்டுமென்று கேட்பவர்களுக்கு: ஃபிக்லெட்டோடு வரும் எழுத்துருக்களில் தமிழ் இல்லை. ஒவ்வொரு குறியையும் தனித்தனியாக வரைந்து இடமிருந்து வலமாக ஒட்டும் முறை அது. கொ எழுத்தில் மெய்க்கு இருபுறமும் வந்து நிற்கும் உயிர்க்குறிக்கு அங்கே இடமில்லை. தமிழைச் சுற்றிப் பெட்டி போடுவதிலும் தவறு நடக்கிறது. தமிழ் என்ற சொல்லுக்கு நமக்கு மூன்று எழுத்து. பைத்தான் நீளம் கேட்டால் 5 என்கிறது. யூடிஎஃப்-8இல் 15 பைட். எந்த எண்ணை வைத்து இடைவெளி நிரப்பினாலும் வலப்பக்கக் கோடு நேராக நிற்காது, ஏனென்றால் நம் எழுத்துகளின் அகலம் ஒன்றல்ல. மேலும் கீழும் மட்டும் கோடு போட்டு வலப்பக்கத்தைத் திறந்து விடுங்கள். பார்க்க அழகாகவே இருக்கும்.

படிக்க முடியாதவர்கள்

திரைவாசிப்பான் வழியே கேட்கிறவருக்கு ஒரு பேனர் என்பது அண்டர்ஸ்கோர், அண்டர்ஸ்கோர், செங்குத்துக் கோடு என்று நீளும் சத்தம். மாற்று உரை தராத ஆஸ்கி ஓவியத்தை, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் அணுகல் வழிகாட்டுதல் தவறுகளின் பட்டியலிலேயே, எஃப்72 என்ற எண்ணில் வைத்திருக்கிறது. வலைப்பக்கத்தில் அந்தத் தொகுதியைப் படம் என்று குறித்து, அதற்கு ஒரு பெயரும் கொடுங்கள்.

கோப்புகளில் சொல் தேடும் கிரெப்பும் பேனரைப் படிக்காது. திட்டத்தின் பெயரை மாற்றும்போது எல்லாக் கோப்பிலும் தேடி மாற்றிவிடுவார்கள், பேனர் மட்டும் பழைய பெயரோடு உச்சியில் நிற்கும். படத்துக்கு அடியில் அதே பெயரைச் சாதாரண எழுத்தில் ஒருமுறை எழுதிவிடுங்கள். அதற்கும் கீழே, எந்தக் கட்டளையால் வரைந்தீர்கள் என்பதை எழுத்துருவின் பெயரோடும் அகலத்தோடும் ஒரே வரியில் சேர்த்துவிட்டால், பெயர் மாறுகிற நாளில் அடுத்தவர் அதை எடுத்து ஓட்டிப் புதிய படத்தை ஒட்டிக்கொள்வார்.