ஸ்டீம் டெக்ல விண்டோஸ்: உள் டிஸ்க்கைத் தொடாம, கார்டுலயே

எங்க அக்கா நாலு கடைக்கு டாலியில கணக்கு எழுதறாங்க. டாலிக்கு விண்டோஸ் வேணும். எனக்கு கேம் ஆட, ஸ்டீம் டெக்கோடவே வர்ற ஓஎஸ்ஸான ஸ்டீம்ஓஎஸ் வேணும். வீட்டுல இருக்கிறது ஒரே ஸ்டீம் டெக் (வால்வ் கம்பெனியோட கையடக்க கேம் கம்ப்யூட்டர்). உள்ள இருக்கிற எஸ்எஸ்டியைப் பிரிச்சு ரெண்டையும் போடச் சொல்லி நிறைய பேர் வழி சொல்றாங்க. வேண்டாம். பின்னாடி ஏதாவது விண்டோஸ் அப்டேட் வந்து பூட் வரிசையை மாத்திடும், அதை யார் சரி பண்றது? மைக்ரோ எஸ்டி கார்டுல விண்டோஸ் போடுங்க.

கார்டு 256 ஜிபியாவது, ஏ2ன்னு (ஆப் ஓட்டற வேகத்துக்கான முத்திரை) அச்சடிச்சதா இருக்கணும். டெக்கோட ஸ்லாட் யூஎச்எஸ்-1 வேக வகைதான், நொடிக்கு சுமார் 100 எம்பி. அதனால விலை கூடின யூஎச்எஸ்-2 கார்டு வாங்கறது தண்டம். ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினா வந்ததும் எச்2டெஸ்ட்டபிள்யூங்கிற சோதனை சாஃப்ட்வேரை ஓட்டிப் பாருங்க. 256ன்னு ஒட்டியிருந்தாலும் உள்ள அவ்வளவு இருக்கான்னு அதுதான் சொல்லும்.

ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர்ல கார்டைச் சொருகி, ரூஃபஸை (விண்டோஸை கார்டுல எழுதற சாஃப்ட்வேர்) திறந்து, மைக்ரோசாஃப்ட் தளத்துல இறக்கின விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ ஃபைலைக் கொடுங்க. இமேஜ் ஆப்ஷன்ல 'விண்டோஸ் டு கோ' (கார்டுல இருந்தே விண்டோஸ் ஓடும்), பார்ட்டிஷன் ஜிபிடி. ஸ்டார்ட் அழுத்தினதும் ஒரு பெட்டி வரும். அதுல உள் டிஸ்க்கை விண்டோஸ் தொடாம தடுக்கிற வரியைக் கட்டாயம் டிக் பண்ணுங்க. இல்லாட்டி ஸ்டீம்ஓஎஸ் பார்ட்டிஷனைப் பார்த்து "ஃபார்மேட் பண்ணவா?"ன்னு கேக்கும், தூக்கக் கலக்கத்துல யாராவது ஓகே கொடுத்தா கேம் எல்லாம் காலி. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் கேக்காம இருக்கிற வரியையும் டிக் பண்ணுங்க, முதல்ல வைஃபை வேலை செய்யாது. எழுதி முடிய ரொம்ப நேரம் ஆகும். விட்டுட்டு சாப்பிடப் போங்க.

வால்வ் தளத்துல விண்டோஸ் டிரைவர் எல்லாம் இருக்கு. (டிரைவர் மட்டும்தான், விண்டோஸ்ல பிரச்சினைன்னா சப்போர்ட் கிடையாதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க.) இறக்கி, கார்டுலயே ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க, விண்டோஸ் திறந்ததும் இன்ஸ்டால் பண்ணிக்கலாம்.

டெக்கை முழுசா ஆஃப் பண்ணி கார்டைச் சொருகுங்க. வால்யூம் குறைக்கிற பட்டனைப் பிடிச்சுக்கிட்டே பவர் அழுத்தினா பூட் பட்டியல் வரும், எஸ்டி கார்டைத் தேர்ந்தெடுங்க. திரை படுத்துக்கிட்டு தெரியும். டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல லேண்ட்ஸ்கேப் ஆக்கிக்கலாம். வலது பேட்தான் மவுஸ், ஆர்2 கிளிக். சும்மா பவர் அழுத்தினா வழக்கம்போல ஸ்டீம்ஓஎஸ்தான்.

ஒரு தொல்லை மட்டும் உண்டு. ஸ்டீம்ஓஎஸ் கடிகாரத்தை யூடிசியில (உலகப் பொது நேரம்) வைக்கும், விண்டோஸ் அதையே நம்ம ஊர் நேரம்னு எடுத்துக்கும். விண்டோஸ்ல அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டும், வவுச்சர் தேதி மாறிப்போகும். உள்ள வந்ததும் டேட் அண்ட் டைம்ல 'சிங்க் நவ்' அழுத்துங்க.

டாலி திறக்க கொஞ்சம் மெதுவா இருக்கும், திறந்துட்டா பிரச்சினை இல்ல. ஸ்லீப்ல போட்டுட்டு கார்டை உருவாதீங்க, ஷட்டவுன் பண்ணுங்க. பேக்கப்பையும் அதே கார்டுல வைக்காதீங்க. எஸ்டி கார்டு சொல்லிக்கிட்டு சாகாது.