முன்பதிவு செய்த 4×4 வண்டி தாமதமாகும்போது செய்ய வேண்டியவை

சாயல்குடிக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் இடையில் எங்கள் பனங்காடு இருக்கிறது. தார்ச்சாலை முடிந்தபின் மூன்று கிலோமீட்டருக்கு மணல் பாதைதான். பதநீர் இறங்கத் தொடங்கினால், கருப்பட்டி மூட்டைகள் கடைசியாக வெளியேறும் நாள்வரை அந்தப் பாதையில் தினமும் இரண்டு முறையாவது போய்வர வேண்டியிருக்கும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி எங்களுக்கு ஆடம்பரம் அன்று. ஆகவே, புதிதாக அறிமுகமான ஒரு 4×4 வண்டிக்கு முதல் வாரத்திலேயே முன்பணம் கட்டினேன். மூன்று மாதத்தில் வரும் என்றார்கள். பதினொரு மாதம் ஆயிற்று. அந்தக் காலத்தில் சரியாகச் செய்தவற்றையும் தவறவிட்டவற்றையும் இப்போது காத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

புதிய வண்டி ஏன் தாமதமாகிறது என்பது புரிந்தால் பாதி மன உளைச்சல் குறையும். 2024 அக்டோபர் 3 அன்று மஹிந்திராவின் 'தார் ராக்ஸ்' வண்டிக்கு முன்பதிவு தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்திலேயே 1,76,218 பேர் பதிந்தார்கள். அந்த வண்டியைச் செய்யும் ஆலையால் அவ்வளவு வண்டிகளைச் சில மாதங்களில் செய்து முடிக்க முடியாது. 2020 அக்டோபரில் வெளிவந்த முந்தைய தாருக்கும் காத்திருப்பு நீண்டது. 2021இல் உலகம் முழுவதும் குறைகடத்திச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெரும்பாலான நிறுவனங்களின் வண்டிகளும் தாமதமாயின. இதற்குள் இன்னொரு நுணுக்கமும் உண்டு. எல்லா வேரியன்ட்டும், அதாவது ஒரே வண்டியின் எஞ்சினும் வசதிகளும் மாறும் வகைகள் எல்லாம், ஒரே வேகத்தில் வருவதில்லை. நகரத்தில் ஓட்டுவதற்காக அதிகம் பேர் கேட்கும் வேரியன்ட் எது, நம்மைப் போன்றோர் கேட்கும் டீசல் 4×4 எது என்று பார்த்து, அந்தந்த விகிதத்தில்தான் ஆலை ஒதுக்குகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்துவிட்டது, நமக்கு வரவில்லை என்றால், அதில் சூது இருக்க வேண்டும் என்பதில்லை; அவர் கேட்டது வேறு வேரியன்ட்டாக இருக்கலாம்.

ஷோரூமுக்குப் போன் செய்து "எப்ப வரும்?" என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள். அந்தக் கேள்விக்கு "அடுத்த வாரம் வந்துரும்ண்ணே" என்ற ஒரே பதில்தான் உண்டு. சொல்லும் பையனுக்கும் அதற்குமேல் எதுவும் தெரியாது. அதற்குப் பதிலாக இரண்டு எண்களைக் கேளுங்கள். என் வேரியன்ட்டில், என் நிறத்தில், எனக்கு முன்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள்? கடந்த இரண்டு மாதங்களில் அதே வேரியன்ட் உங்கள் ஷோரூமுக்கு எத்தனை வந்தது? முன்னால் 22 பேர் இருந்து, மாதம் மூன்று வண்டி வருகிறதென்றால், ஏழு மாதத்துக்குக் குறையாது என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். எனக்கு இந்த யோசனை ஐந்தாவது மாதத்தில்தான் தோன்றியது. அதற்குமுன் வாரந்தோறும் நம்பி வாரந்தோறும் ஏமாந்தேன். கணக்குத் தெரிந்தபின் நிம்மதியாகத் தொழிலைப் பார்த்தேன். வாய்வழிப் பதிலோடு விட்டுவிடாமல், அன்றைய பேச்சின் சாரத்தை அன்றைக்கே வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அவர்களுக்கு அனுப்பி, "சரிதானா?" என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிற்காலத்தில் அதுவே உங்கள் ஆவணம்.

வரிசையில் முன்னேற நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் வண்டி எடுக்க நம் பக்கம் பலர் தயங்குவார்கள். அந்த மாதங்களில் ஒதுக்கீடு வந்தும் "ஆவணி பிறக்கட்டும்", "தை பிறக்கட்டும்" என்று தள்ளிப்போடுபவர்களின் வண்டி, அடுத்து நிற்பவருக்குப் போகும். உங்களுக்கு அந்தத் தயக்கம் இல்லையென்றால், எந்த மாதமானாலும் எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். நிறத்தை மாற்றினால் விரைவில் கிடைக்கும் என்று சொன்னால், மாற்றிய பிறகும் பழைய வரிசை எண்ணே தொடருமா என்று எழுத்தில் கேட்டபிறகே சம்மதியுங்கள். டிசம்பரில் தயாரான வண்டி ஜனவரியில் கைக்கு வந்தால், பிற்பாடு விற்கும்போது அது முந்தைய ஆண்டு வண்டியாகவே மதிக்கப்படும். ஆண்டு இறுதி ஒதுக்கீட்டுக்கு இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனிப் பணம். நான் அடிபட்டது இதில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முன்பதிவுப் படிவத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்: டெலிவரி நாளன்று உள்ள விலையே செல்லும் என்று பெரும்பாலும் அதில் இருக்கும். அதாவது காத்திருக்கும் காலத்தில் விலை ஏறினால் அது உங்கள் தலையில். இறங்கினால் ஆதாயமும் உங்களுக்கே. 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி மாற்றப்பட்டபோது, அதுவரை கூடுதல் வரியையும் சேர்த்து 50 சதவீதம் வரை கட்டிவந்த பெரிய எஸ்யூவிகளுக்கு 40 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய வாரம் அவசரப்பட்டு எடுத்தவரைவிட, காத்திருந்தவர் குறைவாகக் கொடுத்தார். எதிர்த்திசையிலும் நடக்கும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட ஆயுட்காலச் சாலை வரியின்படி, 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்கு 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். 19,90,000 ரூபாய் வண்டியின் விலை இடையில் 20,000 ரூபாய் ஏறி 20,10,000 ஆனால், வரி மட்டும் 3,58,200 ரூபாயிலிருந்து 4,02,000 ஆகிறது. விலையேற்றம் இருபதாயிரம், கையிலிருந்து போவது 63,800. உங்கள் வேரியன்ட்டின் விலை அந்த எல்லைக்கு அருகில் இருந்தால், ஒரு லட்சத்தையாவது தனியே ஒதுக்கி வையுங்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஷோரூம் பிடிக்கும் ஒரு சதவீத வருமான வரியைக் கணக்குத் தாக்கல் செய்யும்போது திரும்பப் பெறலாம், ரசீதை விட்டுவிடாதீர்கள்.

வங்கிக் கடனில் ஒன்றே ஒன்றுதான்: சேஸிஸ் எண் (வண்டியின் சட்டகத்தில் பொறித்திருக்கும் தனி அடையாள எண்) கையில் வரும்வரை பணத்தை விடுவிக்கச் சொல்லாதீர்கள். எனக்கு ஒன்பதாவது மாதத்தில் போன் வந்தது. வண்டி ஏற்றியாகிவிட்டது, பணம் கட்டினால்தான் பெயருக்கு ஒதுக்க முடியும் என்றார்கள். நானும் வங்கிக்கு ஓடி 14 லட்சத்தை விடுவித்துவிட்டேன். வண்டி வந்தது 47 நாள் கழித்து. 9 சதவீத வட்டியில் அந்த நாட்களுக்கு 16,000 ரூபாய்க்கு மேல், ஓடாத வண்டிக்காகக் கட்டினேன். ஆகவே, ஒதுக்கீடு ஆகிவிட்டது என்று யார் சொன்னாலும், அந்த 17 இலக்க எண்ணை எழுத்தில் கேளுங்கள். எண் இல்லையென்றால் வண்டி இல்லை. கடன் அனுமதிக் கடிதத்துக்குக் காலக்கெடு உண்டு என்பதால், அது முடிவதற்குள் புதுப்பித்து மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

பழைய வண்டிக்கும் இதே விதிதான். புது வண்டி வரப்போகிறது என்று என் மச்சான் ஒருவர் தம் பழைய ஜீப்பை நல்ல விலைக்கு விற்றுவிட்டு, ஒரு பருவம் முழுவதும் வாடகை டிராக்டருக்குக் கொடுத்தே அந்த லாபத்தைக் கரைத்தார். பழையதன் இன்சூரன்ஸ் இடையில் முடிந்தால், எப்படியும் விற்கத்தானே போகிறோம் என்று விட்டுவிடக் கூடாது, புதுப்பியுங்கள்.

சொன்ன காலம் பலமுறை தவறி, உங்களுக்குப் பின்னால் பதிந்தவருக்கு அதே வேரியன்ட் போயிருப்பது தெரிந்தால், அல்லது ரத்து செய்தபின் முன்பணம் திரும்பவில்லையென்றால், முதலில் ஷோரூம் மேலாளருக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் எழுதுங்கள். அதன்பின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். மதுரையில் முன்பதிவு செய்திருந்தாலும் இராமநாதபுரத்திலேயே மனுக் கொடுக்கலாம்.

காத்திருக்கும் மாதங்களில் வண்டிக்கு இடம் தயார் செய்யுங்கள். கச்சான் காலத்தில் தென்மேற்கிலிருந்தும் வாடைக் காலத்தில் வடகிழக்கிலிருந்தும் வரும் காற்று உப்பையும் பொடிமணலையும் சேர்த்தே கொண்டுவரும். துணி உறை போட்டால், அதற்கும் பெயின்டுக்கும் நடுவில் மணல் புகுந்து, காற்றில் உறை ஆட ஆட உப்புத்தாள் தேய்த்ததுபோல் கோடு விழும். நான்கு கால் நட்டு ஓலை வேய்ந்து இரண்டு திசையிலும் தட்டி கட்டிய கொட்டகையே நல்லது. கழுவுவதற்கான தண்ணீரையும் இப்போதே யோசியுங்கள். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் வருவது உவர்நீர். அதைக் கொண்டு அடிப்பாகத்தைக் கழுவினால் உப்பின் மேல் உப்பைத் தேய்த்ததாகும். ஐப்பசி மழைக்குள் ஓட்டிலிருந்து விழும் நீரைத் தொட்டியில் பிடிக்க ஏற்பாடு செய்தேன். அடிப்பாகத் துருத்தடுப்புப் பூச்சு, காற்றடிக்கும் சிறு பம்பு, மண்வெட்டி, இழுகயிறு, உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் குத்தினால் அடைக்கப் பஞ்சர் சாமான் ஆகியவற்றை முன்பே வாங்கி வைக்கலாம்.

வண்டி வந்துவிட்டது என்றதும், பதிவுக்கு அனுப்புவதற்கு முன்பே, ஷோரூம் வண்டிகளை நிறுத்திவைக்கும் ஸ்டாக்யார்டுக்கு நேரில் போங்கள். நான் போனபோது வெயிலில் தூசி மூடி நின்றது. போனின் டார்ச்சை அடித்து அடியில் குனிந்து பார்த்தேன். சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இணையும் இடத்துப் போல்ட்டுகளில் ஆரஞ்சு நிறப் பொடி படிந்திருந்தது. கட்டைவிரலால் தேய்த்ததும் விரலில் ஒட்டிக்கொண்டது. பிரேக் டிஸ்க்கில் இருக்கும் மெல்லிய துரு இரண்டு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். போல்ட் தலையிலும் பற்றவைப்பு இணைப்பிலும் இருப்பது அப்படிப் போகாது. படம் எடுத்து, அவற்றை மாற்றித் தந்தபின்பே எடுப்பேன் என்று எழுதிக் கொடுத்தேன், மாற்றினார்கள். நீண்ட நாள் நின்ற வண்டியில் பேட்டரியும் தளர்ந்திருக்கும், மீட்டரில் 12.6 வோல்ட் அருகில் இருக்க வேண்டியது, என் வண்டியில் 11.9 காட்டியது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள்: 3524 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் தயாரானது. கால்மிதியைத் தூக்கிக் கம்பளத்தை உள்ளங்கையால் அழுத்தி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். சட்டகத்தில் பொறித்துள்ள சேஸிஸ் எண்ணும், ஷோரூம் தரும் விற்பனைச் சான்றான படிவம் 21இல் உள்ள எண்ணும், அதிலுள்ள தயாரிப்பு மாதமும் ஒத்துப்போக வேண்டும்.

4×4 வேலை செய்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன்பே பார்த்துவிட வேண்டும். தார்த்தரையில் வேண்டாம், இறுகிய தரையில் சக்கரங்கள் நழுவ வழியில்லாமல் பற்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். யார்டின் மண் தரைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைத்து, லீவரை 4Lக்கு (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக விசையோடு இழுக்கும் நிலை) தள்ளி, விளக்கு எரிந்தபின் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். பிறகு இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் சாதாரண நிலையான 2Hக்குத் திரும்புகிறதா என்றும் பாருங்கள்.

புது வண்டியைக் கடற்கரை மணலில் இறக்கிப் படம் எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தைக்கும் பங்குனிக்கும் இடையில் நம் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும். முட்டை மணலுக்குள் இருப்பது மேலிருந்து தெரியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது. தனுஷ்கோடியை அடுத்த அரிச்சல்முனை வரைக்கும் 2017இலிருந்து தார்ச்சாலை இருக்கிறது, படம் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். நம் மணல் பாதையில் இறங்கும்போது டயர் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்து, தார்ச்சாலை ஏறியதும் பழைய அளவுக்கு நிரப்பிக்கொள்ளுங்கள். அன்று மாலையே மழைநீரில் அடிப்பாகத்தைக் கழுவி, உலர்ந்தபின் கொட்டகைக்குள் விடுங்கள்.